ஒருமுறை வாங்கும் பணம், நூறாண்டு வேலை: பொதுக் கல்லறைத் தோட்ட நிர்வாகத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பொதுக் கல்லறைத் தோட்டத்தை நடத்தும் பொறுப்புக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது, "குழிக்கு எவ்வளவு வாங்கலாம்?" என்பதைத்தான். அந்தப் பணத்துக்கு எதைக் கொடுக்கிறோம், எத்தனை வருஷத்துக்குக் கொடுக்கிறோம் என்பது அப்போது யாருக்கும் தோன்றுவதில்லை. பின்னால் வரும் சண்டைகளில் பாதிக்கு மேல் அங்கிருந்து முளைத்தவைதான்.

"இடம் வாங்கிவிட்டோம்" என்று குடும்பத்தார் சொல்வார்கள். உண்மையில் பெரும்பாலான பொதுத் தோட்டங்களில் யாரும் நிலம் வாங்குவதில்லை. குறிப்பிட்ட ஒரு குழியில் அடக்கம் செய்யவும், அதன்மேல் கல் வைக்கவும் உரிமை வாங்குகிறார்கள். மண் நிர்வாகத்துக்கே சொந்தம். ரசீதில் இதைத் தெளிவாக எழுதாமல் "மனை எண் 42, முழுத்தொகை பெறப்பட்டது" என்று மட்டும் எழுதிக் கொடுக்கக் கூடாது. நாற்பது வருஷம் கழித்துப் பேரன் அந்தக் காகிதத்தோடு வந்து நிற்கும்போது, அதில் 'மனை' என்றுதான் இருக்கும். அவன் கேட்பதிலும் நியாயம் இருக்கும்.

கால அளவைச் சொல்லாமல் விடுவது இதைவிடப் பெரிய தவறு. 'நிரந்தரம்' என்று எழுதிவிட்டால் துக்கத்தில் இருப்பவருக்கு ஆறுதல், எழுதுகிறவருக்கும் வேலை மிச்சம். ஆனால் அந்தச் சொல்லைக் காப்பாற்ற எந்த நிர்வாகத்தாலும் முடிவதில்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உள்ளாட்சிக் கல்லறைகளுக்கான 1977-ஆம் ஆண்டு ஆணை, இந்த உரிமையை ஒரே தடவையில் 100 ஆண்டுகளுக்கு மேல் கொடுக்க அனுமதிப்பதில்லை. வேண்டுமானால் பிறகு நீட்டித்துக்கொள்ளலாம். நிலத்துக்குத் தட்டுப்பாடுள்ள சிங்கப்பூர் 1998-இல் அடக்கக் காலத்தை 15 ஆண்டுகளாகக் குறைத்தது. பிரான்ஸில் 'என்றென்றைக்கும்' என்று கொடுத்த இடத்தைக்கூட, 30 ஆண்டு கடந்து, கடைசி 10 ஆண்டில் அடக்கம் எதுவும் நடக்காமல், கவனிப்பாரின்றிக் கிடந்தால் உரிய நடைமுறைக்குப் பின் நகராட்சி திரும்ப எடுத்துக்கொள்ளலாம். என்றென்றைக்கும் என்பதற்கு அங்கே பொருள் அவ்வளவுதான்.

காலத்தை நிர்ணயிக்கும்போது பக்கத்து ஊர் விதியைப் பார்த்து எழுதுவதும் ஆபத்து. மண்ணைப் பார்த்து எழுத வேண்டும். காற்றோட்டமுள்ள மணற்பாங்கான மண்ணில் உடல் சீக்கிரம் சிதைந்துவிடும். நீர் தேங்கும் களிமண்ணில் காற்று புகாது. உடலின் கொழுப்பு மெழுகுபோல் இறுகி, பல பத்தாண்டுகள் அப்படியே கிடக்கும். ஜெர்மனியில் ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஓய்வுக் காலம் என்று ஒன்று உண்டு; அதுவரை அந்தக் குழியை மறுபடி பயன்படுத்தக் கூடாது. பெரும்பாலும் 20, 25 ஆண்டுகள். அந்தக் காலம் முடிந்து குழியைத் திறந்தபோது மெழுகுடல்கள் கிடைத்த தோட்டங்கள் அங்கே பல. மண் பரிசோதனைக்கு ஆகும் செலவை மிச்சம் பிடித்தவர்கள், குழி வெட்டும் தொழிலாளியிடம் அந்தக் கணக்கைத் தீர்க்கச் சொல்கிறார்கள் என்றுதான் நான் நினைக்கிறேன்.

இனி கட்டணம். குழி தோண்டவும் மூடவும் ஆகும் கூலியைக் கணக்கிட்டு, அதன்மேல் கொஞ்சம் வைத்து ஒரு தொகையை எழுதுவதுதான் பரவலான பழக்கம். அன்றைய செலவுக்கு அது சரி. ஆனால் புல் வெட்டுவது, பாதை, சுற்றுச்சுவர், வடிகால், விழுந்த மரம், காவல் எல்லாம் அந்தக் குழிக்காக ஆண்டுதோறும் நடக்கின்றன. தோட்டம் நிரம்பும்வரை புதிய குழிகளின் பணம் பழைய குழிகளின் பராமரிப்பை ஓட்டிவிடும். எல்லாம் நன்றாக நடப்பதுபோலவே தெரியும். கடைசிக் குழி கொடுத்த அன்றோடு வருமானம் நின்றுவிடும். செலவு மட்டும் தொடரும்.

ஒரு சின்னக் கணக்கு. ஒரு குழியைப் பராமரிக்க வருஷத்துக்கு 100 ஆகிறது என்று வையுங்கள். வைப்பில் போட்ட பணம், விலைவாசி ஏற்றத்தைக் கழித்தபின் உண்மையில் 2 சதவீதம் ஈட்டுகிறது. அப்படியானால் அசலைத் தொடாமல் என்றைக்கும் பராமரிக்க, அந்தக் குழிக்கு முதல் நாளே 5,000 ஒதுக்கி வைத்திருக்க வேண்டும், அதாவது ஆண்டுச் செலவைப்போல் ஐம்பது மடங்கு. விலைவாசியைக் கழிக்காமல் வங்கி சொல்லும் 7 சதவீதத்தை அப்படியே எடுத்துக்கொண்டால் 1,430 போதும்போல் தெரியும். பல தோட்டங்களின் நிதி இந்த ஒரு பிசகில்தான் காலியாகிறது. அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில், விற்பனைத் தொகையில் ஒரு பங்கைத் தொடமுடியாத பராமரிப்பு நிதியில் போடச் சட்டமே கட்டாயப்படுத்துகிறது. நியூயார்க்கில் அது குறைந்தது 10 சதவீதம். அந்தப் பங்கு போதுமா என்பது வேறு விஷயம். தனிக் கணக்கு ஒன்று இருந்தாக வேண்டும் என்பதில் மட்டும் சந்தேகமில்லை. பொதுக் கணக்கில் கலந்த பராமரிப்புப் பணம் அடுத்த வருஷமே தெருவிளக்காகவோ தார் ரோடாகவோ மாறிவிடும்.

பராமரிப்பைச் சுமையாக மட்டும் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கு லண்டனில் ஓர் உதாரணம் உண்டு. வெஸ்ட்மின்ஸ்டர் மாநகராட்சி 1987-இல், ஆண்டுதோறும் ஆகும் பராமரிப்புச் செலவைத் தவிர்க்க, தன் மூன்று கல்லறைத் தோட்டங்களை ஒவ்வொன்றும் ஐந்து பென்ஸ் வீதம், மொத்தம் 15 பென்ஸுக்குத் தனியாரிடம் விற்றது. தோட்டங்கள் புதர் மண்டிப் போயின, குடும்பங்கள் கொதித்தன, கடைசியில் மாநகராட்சியே அவற்றைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. கொடுத்த வாக்கை வேறொருவருக்கு விற்க முடியாது என்பதை விலை கொடுத்துத் தெரிந்துகொண்டார்கள்.

பதிவேட்டைப் பற்றி எத்தனை எழுதினாலும் தகும். அடக்கப் பதிவேடு (யார், எந்தத் தேதி, எந்தக் குழி, எத்தனை ஆழம்), உரிமைப் பதிவேடு (அந்தக் குழி யார் பெயரில், எதுவரை), வரைபடம் என்று மூன்றும் வேண்டும். மூன்றிலும் ஒரே எண் இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் திருத்திவிட்டு மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவதில்தான் எல்லாம் கெடுகிறது. ராணுவ ஒழுங்குக்குப் பெயர்போன அமெரிக்காவின் ஆர்லிங்டன் தேசியக் கல்லறையிலேயே, 2010-இல் நடந்த விசாரணையில் குறைந்தது 211 குழிகள் தவறாகக் குறிக்கப்பட்டோ குறிக்கப்படாமலோ இருப்பது தெரியவந்தது. அங்கே பதிவுகள் காகித அட்டைகளில் கிடந்தன. அதற்கு முந்தைய ஆண்டு சிகாகோவை ஒட்டிய பர் ஓக் கல்லறையில் வெளிவந்தது கவனக்குறைவு அல்ல, மோசடி. பழைய உடல்களைத் தோண்டி அப்புறப்படுத்திவிட்டு அதே குழிகளை மறுபடி விற்றிருந்தார்கள். பணம் வாங்குபவரும் பதிவேடு எழுதுபவரும் ஒரே ஆளாக இருக்கும் எந்த அலுவலகத்திலும் இதற்குக் கதவு திறந்தே இருக்கிறது.

உரிமைப் பதிவேட்டில் வாரிசைக் குறிக்காமல் விடுவதும் உண்டு. அப்பா பெயரில் வாங்கிய குழி; அதில் அம்மா இருக்கிறார், அப்பாவும் போய்விட்டார். மூன்றாவது இடம் மூத்த மகனுக்கா, அப்பாவின் இரண்டாவது மனைவிக்கா? சவப்பெட்டி வாசலுக்கு வந்த பிறகு அலுவலகம் தீர்க்கக்கூடிய வழக்கல்ல இது. உரிமையாளர் இறந்ததும் உரிமையை மாற்றிப் பதிய வேண்டும், பலர் இருந்தால் எல்லோருடைய கையெழுத்தும் வேண்டும், அதுவரை குழி திறக்கப்படாது என்று விதியிலேயே இருந்தால் குமாஸ்தா தப்பித்துக்கொள்வார்.

ஆழம் விஷயத்தில் 'ஆறடி' என்ற நம்பிக்கை எல்லோர் மனத்திலும் இருக்கிறது. முன்சொன்ன 1977 ஆணை கேட்பது வேறு: பெட்டியின் மேற்பகுதி தரைமட்டத்துக்குக் குறைந்தது மூன்றடி கீழே இருக்க வேண்டும், மண் ஏற்றதாகவும் பெட்டி மக்கக்கூடியதாகவும் இருந்தால் இரண்டடி போதும், ஒரு பெட்டிக்கும் அடுத்ததற்கும் நடுவே ஆறு அங்குல மண். ஆகவே ஒரே குழியில் இரண்டு பேர், மூன்று பேர் என்று கட்டணப் பட்டியலில் எழுதுமுன், கீழே நிலத்தடி நீர் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது, அதுவும் மழைக்காலத்தில், என்று பார்க்க வேண்டும். உலகச் சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பிய அலுவலகம் 1998-இல் வெளியிட்ட அறிக்கை, குடிநீர்க் கிணற்றிலிருந்து 250 மீட்டர் தள்ளியிருக்கவும், குழியின் அடிக்குக் கீழே குறைந்தது ஒரு மீட்டர் மண் இருக்கவும் பரிந்துரைக்கிறது. இரண்டு பேருக்கென்று பணம் வாங்கிவிட்டு முதல் அடக்கத்தில் குறைந்த ஆழமே வெட்டியிருந்தால், இரண்டாவது அடக்கத்தின் நாளில் என்ன பதில் சொல்வது?

கற்களைப் பற்றி விதி இல்லாத தோட்டமும் உண்டு, விதி இருந்து சோதனை இல்லாத தோட்டமும் உண்டு. 2000-இல் இங்கிலாந்தின் ஹாரோகேட் நகரக் கல்லறையில் கல் சாய்ந்து ஒரு சிறுவன் இறந்தான். அதன்பின் பல நகராட்சிகள் பயந்துபோய் ஆயிரக்கணக்கான கற்களைக் கேட்காமலே படுக்க வைத்தன. உறவினர்கள் அழுதுகொண்டு வந்தார்கள். 2009-இல் அரசே, ஒவ்வொரு கல்லின் ஆபத்தையும் அதன் உயரத்துக்கும் இடத்துக்கும் ஏற்ப எடைபோட்டு நடந்துகொள்ளுங்கள் என்று வழிகாட்டல் வெளியிட்டது. கல் வைக்க அனுமதிக் கட்டணம் வாங்கினால், அதில் அளவு, அடித்தளம், இன்ன ஆண்டுக்கு ஒருமுறை சோதனை, சாய்ந்தால் யார் செலவு என்பதெல்லாம் அடங்கியிருக்க வேண்டும்.

சலுகைகளில் ஒன்றைத்தான் சொல்வேன். குழந்தைகளுக்கும் ஆதரவற்றவர்களுக்கும் இலவசம் என்று அறிவிப்பது சுலபம். அந்தச் செலவு எங்கிருந்து வரும் என்று எழுதாவிட்டால், அவர்களுடைய குழிகள் மெல்ல மெல்ல வேலி ஓரத்துக்கும் தண்ணீர் தேங்கும் மூலைக்கும் போய்விடும். இங்கிலாந்தில் 2019-இல் 18 வயதுக்குட்பட்டவர்களின் அடக்கக் கட்டணத்தை ரத்து செய்தபோது, கல்லறை நிர்வாகங்களுக்கு அந்தத் தொகையை அரசு நிதி ஈடுகட்டும்படி செய்தார்கள்.

கடைசியில் மிச்சமிருப்பது முகவரி. உரிமைக் காலம் முடியும்போது முப்பது வருஷத்துக்கு முந்தைய முகவரிக்கு ஒரு கடிதம் அனுப்பி, அது திரும்பி வந்ததும் 'தகவல் தெரிவிக்கப்பட்டது' என்று கோப்பை மூடிவிடுகிறார்கள். குழியைத் திரும்ப எடுக்கும் முன் கல்லின்மேலேயே ஓர் அறிவிப்பை ஒட்டி, ஒரு முழு ஆண்டு விட்டுவைக்க வேண்டும். கடிதம் போய்ச் சேராத உறவினர்களும் நினைவு நாளில் ஒருமுறையாவது அங்கே வந்து போவார்கள்.