ஐஎஸ் உள்ள ப்ரைம் லென்ஸுக்குக் கூடுதல் காசு கொடுக்கலாமா? வீட்டிலேயே சோதித்துப் பார்க்கும் முறை

கேனான் மிரர்லெஸ் கேமரா வாங்கி, கூடவே வரும் கிட் லென்ஸில் கொஞ்ச நாள் எடுத்துவிட்டு, அடுத்து ஒரு ப்ரைம் (ஸூம் இல்லாத லென்ஸ்) தேடுகிறவர்களில் பலர் இந்த இரண்டில் வந்து நிற்பார்கள். ஒன்று ஆர்எஃப் 50மிமீ எஃப்/1.8. 2020-இல் வந்தபோது அமெரிக்காவில் சுமார் 200 டாலர். இன்னொன்று 2018-இல் வந்த ஆர்எஃப் 35மிமீ எஃப்/1.8 மேக்ரோ ஐஎஸ். வந்தபோது அது சுமார் 500 டாலர். வெளிச்சத்தை உள்ளே விடும் திறப்பான அப்பர்ச்சர் இரண்டிலும் ஒன்றுதான். ஆனால் 35-இல் கை நடுக்கத்தைச் சமாளிக்கும் இமேஜ் ஸ்டெபிலைசேஷன், சுருக்கமாக ஐஎஸ், இருக்கிறது. அதற்காக இரண்டரை மடங்கு விலை கொடுக்கலாமா என்பதுதான் கேள்வி.

படி 1: கேமரா பாடியில் ஏற்கெனவே இருக்கிறதா?

ஆர்5, ஆர்6, ஆர்7 பாடிகளில் சென்சாரே அசைந்து நடுக்கத்தைச் சரிசெய்யும். உங்களிடம் அதில் ஒன்று இருந்தால் எந்த ப்ரைமை மாட்டினாலும் ஸ்டெபிலைசேஷன் கிடைத்துவிடும். ஐஎஸ்ஸுக்கென்று தனியாகச் செலவழிக்க வேண்டாம். நேராகப் படி 5-க்குப் போங்கள். ஆர்பி, ஆர்8, ஆர்10, ஆர்50 வைத்திருப்பவர்கள் தொடர்ந்து படிக்கலாம். மெனுவில் இருக்கும் 'டிஜிட்டல் ஐஎஸ்' வேறு சமாச்சாரம். அது வீடியோவுக்கு, அதுவும் ஓரங்களை வெட்டித்தான் வேலை செய்யும்.

படி 2: பழைய படங்களைப் புரட்டுங்கள்

ராத்திரியிலும் வீட்டுக்குள்ளும் எடுத்த படங்களை மட்டும் தனியாகப் பிரித்து, ஒவ்வொன்றின் ஷட்டர் வேகத்தையும், அதாவது ஷட்டர் திறந்திருந்த நேரத்தையும், பாருங்கள். கலங்கிய படத்தைப் பெரிதாக்கினால் காரணம் தெரிந்துவிடும். சுவர், நாற்காலி, ஆள் எல்லாம் ஒரே திசையில் இழுபட்டிருந்தால் உங்கள் கை ஆடியிருக்கிறது. சுவர் தெளிவாக இருந்து ஆள் மட்டும் கலங்கியிருந்தால் ஆள் அசைந்திருக்கிறார். முதல் வகைக்குத்தான் ஐஎஸ் மருந்து. இரண்டாவதுக்கு எவ்வளவு விலையுள்ள ஐஎஸ்ஸும் உதவாது.

படி 3: ஒரு சின்னக் கணக்கு

கையில் பிடித்து எடுக்க, ஷட்டர் வேகம் குறைந்தது ஒன்றின் கீழ் ஃபோகல் லெங்த் (லென்ஸின் மிமீ எண்) இருக்க வேண்டும் என்பது பழைய வழக்கு. ஆர்50 மாதிரி சின்ன சென்சார் கேமராவில் 1.6-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். 35மிமீக்கு 1/60 நொடி, 50மிமீக்கு 1/80 நொடி வரும்.

மங்கலான ஓர் அறையில் எஃப்/1.8, 1/60 நொடி, ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) 3200 தேவைப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஐஎஸ்ஸின் புண்ணியத்தில் மூன்று ஸ்டாப் (ஒவ்வொரு ஸ்டாப்பும் இரண்டு மடங்கு நேரம்) இறங்கி 1/8 நொடியில் எடுக்க முடிந்தால் ஐஎஸ்ஓ 400 போதும். புள்ளிப்புள்ளியான நாய்ஸ் வெகுவாகக் குறையும். அஜந்தா குகை மாதிரி ஃப்ளாஷுக்குத் தடையுள்ள இடத்தில் சுவரோவியம் எடுக்கிறவருக்கு இது பெரிய லாபம்; ஓவியம் அசையப் போவதில்லை.

அதே அறையில் குழந்தை ஓடுகிறது. இப்போது குறைந்தது 1/250 வேண்டும். ஐஎஸ்ஓ 12800-க்கு ஏறியே ஆக வேண்டும். ஐஎஸ் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்தக் கணக்கு மாறாது. கல்யாண மேடை, நடன நிகழ்ச்சி எல்லாம் இந்தப் பக்கம்தான். "லோ லைட்டுக்கு ஐஎஸ் வேணும்" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்கிறவர்கள் இதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

படி 4: கிட் லென்ஸிலேயே சோதனை

18-45 கிட் லென்ஸில் ஐஎஸ் உண்டு. அதை வைத்தே உங்கள் கையைச் சோதிக்கலாம், காசு செலவில்லை. 35மிமீக்குத் திருப்புங்கள். சாயங்காலம் வீட்டு விளக்கு வெளிச்சத்தில், பொடி எழுத்துள்ள மருந்து அட்டையைச் சுவரில் ஒட்டுங்கள். கேமராவை ஷட்டர் முன்னுரிமையில், அதாவது 'Tv' மோடில் வைத்து, ஐஎஸ்ஓவை ஆட்டோவில் விடுங்கள். 1/60, 1/30, 1/15, 1/8, 1/4 ஒவ்வொன்றிலும் பத்துப் படம் எடுங்கள். அப்புறம் ஐஎஸ்ஸை அணைத்துவிட்டு மறுபடியும் அதே வரிசை. லென்ஸில் சுவிட்ச் இல்லாவிட்டால் மெனுவில் அணைக்கலாம்.

ஷட்டர் பட்டனைப் பாதி அழுத்தி, ஒரு நொடி பொறுத்து, பிறகு முழுதாக அழுத்துங்கள். ஐஎஸ் நிலைகொள்ள அந்த இடைவெளி வேண்டும்.

கம்ப்யூட்டரில் நூறு சதவீதம் பெரிதாக்கி, எழுத்து படிக்க முடிகிற படங்களை எண்ணுங்கள். பத்தில் எட்டு தேறுகிற கடைசி வேகம்தான் உங்கள் எல்லை. ஐஎஸ் போட்டால் 1/8, அணைத்தால் 1/60 என்றால் உங்களுக்குக் கிடைப்பது மூன்று ஸ்டாப். 35-க்கு ஐந்து ஸ்டாப் என்று கேனான் போட்டிருக்கிறது. அது ஆய்வகத்துக் கணக்கு. கையில் மூன்று வந்தால் தாராளம். சிலருக்கு அணைத்தாலே 1/15 வரை நிற்கும். அவர்கள் இந்தக் காசை மிச்சம் பிடிக்கலாம்.

படி 5: விலையைப் பிரித்துப் பாருங்கள்

இரண்டு லென்ஸுக்கும் அறிமுக விலையில் இருந்த 300 டாலர் வித்தியாசம் முழுவதும் ஐஎஸ்ஸுக்கானது அல்ல. 35மிமீ லென்ஸ் 17 செ.மீ. வரை நெருங்கி, பொருளின் நிஜ அளவில் பாதி சென்சாரில் விழும் அளவுக்கு மேக்ரோவாக (நெருக்கப்படமாக) எடுக்கும். நகை, பூ, சாப்பாடு எடுப்பவருக்கு அதுவே பாதி விலைக்குச் சமம். ஆர்50-இல் மாட்டினால் 56மிமீ போலப் பார்க்கும், அதனால் வீட்டுக்குள் எடுக்கச் சரியாக இருக்கும். 50மிமீயோ 80மிமீ போல ஆகிவிடும். சின்ன அறையில் பின்னால் நகர இடம் கிடைக்காது. முகப்படம்தான் வேண்டும் என்றால் 50-ஐ வாங்குங்கள், மீதிக் காசில் ஒரு ஃப்ளாஷ் வாங்கலாம்.

கையில் பிடித்து வீடியோ எடுப்பீர்கள், பாடியிலும் ஸ்டெபிலைசேஷன் இல்லை என்றால் நான் யோசிக்காமல் 35-ஐத்தான் சொல்வேன். நின்ற இடத்திலிருந்து எடுக்கும்போது அதன் வித்தியாசம் முதல் கிளிப்பிலேயே தெரியும். நடந்துகொண்டே எடுக்கும் ஆட்டத்துக்கு மட்டும் கேமராவை ஆடாமல் தாங்கும் கைப்பிடியான கிம்பல்தான் கதி.