மறுபடி நிற்கும் நீதிபதிக்கு ஓட்டுப் போடுவதற்கு முன்

எங்கள் ஊர் சுகர் லேண்ட், டெக்சாஸ். ஹூஸ்டனுக்குத் தென்மேற்கே ஃபோர்ட் பெண்ட் கவுண்டியில் இருக்கிறது. கவுண்டி என்றால் நம் ஊர் மாவட்டம் மாதிரி. தேர்தல் வருடத்தில் அக்டோபர் பிறந்துவிட்டால், பியர்லாண்ட் மீனாட்சி கோயிலில் பிரசாதத்துக்கு நிற்கும்போதுகூட யாராவது வந்து, "அக்கா, ஜட்ஜுங்களுக்கு யாருக்குப் போடறது?" என்று கேட்கிறார்கள். கவர்னர், செனட்டர் என்றால் அவரவருக்கு ஒரு முடிவு இருக்கிறது. அதற்குக் கீழே வரிசையாக வரும் நீதிபதிகள் பெயரில்தான் கை நின்றுவிடுகிறது. நாம் வளர்ந்த ஊரில் நீதிபதியை நியமித்து அனுப்புவார்கள். இங்கே அவரே வந்து ஓட்டுக் கேட்கிறார். பழக்கமில்லாத வேலை, திணறுவது இயல்புதான்.

குடியுரிமை வாங்கி முதல் தடவை ஓட்டுப் போட்டபோது நானும் இந்தியப் பெயர் தெரிந்த இடங்களில் மட்டும் தொட்டுவிட்டு மற்றதை வெறுமனே விட்டுவிட்டேன். இரண்டு வருடம் கழித்து, எனக்குத் தெரிந்த ஒரு தமிழ்ப் பெண்ணுக்கு வீட்டைக் காலி செய்யச் சொல்லி ஜே.பி. கோர்ட்டில் வழக்கு வந்தது. ஜே.பி. என்பது ஜஸ்டிஸ் ஆஃப் த பீஸ், சின்ன வழக்குகளைப் பார்க்கும் நீதிபதி. துணைக்குப் போனேன். வாடகை ரசீதுகளை மாதவாரியாக அடுக்கி ஒரு மஞ்சள் பையில் வைத்திருந்தாள். பையை அவள் பிரிப்பதற்குள் தீர்ப்பு முடிந்துவிட்டது. நீதிபதி ஒரு முறைகூட நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்க்கவில்லை. மேல்முறையீடு செய்ய ஐந்தே நாள்தான் உண்டு என்று அங்கே யாரும் சொல்லவில்லை. எங்களுக்குத் தெரிந்தபோது ஏழாவது நாள். வெளியே வரும்போது கதவில் இருந்த பெயரைப் பார்த்தேன். ஓட்டுச் சீட்டில் நான் தொடாமல் விட்ட பெயர்களில் அதுவும் ஒன்று.

அன்றிலிருந்து ஒவ்வொரு தேர்தலுக்கும் ஒரு வேலை வைத்துக்கொண்டிருக்கிறேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் உங்கள் கவுண்டி தேர்தல் அலுவலகத்தின் தளத்தில் மாதிரி ஓட்டுச் சீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பெயரும் முகவரியும் கொடுத்தால் உங்கள் வீட்டுக்கு உரியது வரும். அதில் 'கவுண்டி ஜட்ஜ்' என்று இருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். டெக்சாஸில் அவர் கவுண்டியின் நிர்வாகத் தலைவர். பட்ஜெட், சாலை, புயல் வந்தால் வெளியேற்றும் உத்தரவு, இதெல்லாம் அவர் கையில். எங்களைப் போன்ற பெரிய கவுண்டிகளில் அவர் வழக்கு விசாரிப்பதில்லை. நாம் தேடுவது மாவட்ட நீதிமன்றம், அதற்கு அடுத்த படியான 'கவுண்டி கோர்ட் அட் லா', ஜே.பி. கோர்ட் ஆகியவற்றின் நீதிபதிகளை. மூவருக்கும் பதவிக்காலம் நான்கு வருடம். மேல்முறையீட்டு நீதிபதிகளுக்கு ஆறு.

சரி, பின்னணிக்கு வருவோம். மறுபடி நிற்பவர் போன தடவை எப்படி வந்தார் என்று பாருங்கள். மாவட்ட நீதிமன்றத்தில் இடம் காலியானால் கவர்னர் ஒருவரை நியமிப்பார். அப்படி வந்தவர் அந்தப் பதவிக்கு மக்கள் ஓட்டுப் போட்டு வந்தவர் இல்லை. அப்புறம் அவர் எத்தனை வருட வக்கீல், எந்த மாதிரி வழக்குகள் நடத்தினார் என்று பாருங்கள். மாநில வக்கீல் அமைப்பான ஸ்டேட் பாரின் தளத்தில் பெயரைத் தட்டினால் உரிமம் பெற்ற தேதி வரும். மாவட்ட நீதிபதிக்கு முன்பு நான்கு வருட அனுபவம் போதும் என்றிருந்தது. 2021 நவம்பரில் வாக்காளர்கள் ஒப்புக்கொண்ட சட்டத்திருத்தம் அதை எட்டு வருடமாக்கியது. ஆனால் ஜே.பி.க்கு வக்கீல் படிப்பே கட்டாயமில்லை. வாடகை வழக்கு, சில போக்குவரத்து அபராதங்கள், 20,000 டாலர் வரையிலான பணத் தகராறு எல்லாம் அவரிடம்தான் போகும். நம் வீட்டு வாசலுக்கு மிக அருகில் இருக்கும் நீதிபதி அவர். அவர் பெயர் ஓட்டுச் சீட்டில் மிகவும் கீழே இருக்கும்.

கேரளத்தின் காசர்கோட்டில் சிறுவயதில் பீடி சுற்றிப் படித்த சுரேந்திரன் பட்டேல் 2022இல் எங்கள் கவுண்டியின் 240ஆவது மாவட்ட நீதிமன்றத்துக்குத் தேர்வானபோது நம் மக்கள் வாட்சாப்பில் கொண்டாடினார்கள். நானும் மகிழ்ந்தேன். ஒருவர் பட்ட கஷ்டம் மரியாதைக்குரியது. ஆனால் யாராக இருந்தாலும் முதல் தடவை நிற்கும்போதுதான் வாழ்க்கைக் கதையை வைத்து முடிவெடுக்க வேண்டியிருக்கும். இரண்டாம் தடவை வரும்போது அவர் கையில் நான்கு வருட வேலை இருக்கிறது. அதைக் கேளுங்கள்.

அந்த வேலையைப் பார்க்கச் சில வழிகள் உண்டு. நீதிபதிகள் நடத்தையை விசாரிக்க மாநிலத்தில் ஒரு ஆணையம் இருக்கிறது. பகிரங்கக் கண்டனம் யாருக்காவது கொடுத்திருந்தால் அதன் தளத்தில் இருக்கும். வக்கீல் சங்கங்கள் கருத்துக் கணிப்பு நடத்துகின்றன. ஹூஸ்டன் பார் அசோசியேஷனுடையது பரவலாகப் படிக்கப்படுவது. அதை ஒரு குரலாக மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அது வக்கீல்களின் குரல். வக்கீல் வைக்க முடியாதவர் குரல் அதில் வராது. வழக்குகள் எவ்வளவு தேங்கியிருக்கின்றன என்ற கணக்கும் கிடைக்கும், ஆனால் அதை வைத்து மட்டும் ஒருவரைத் தள்ளிவிடாதீர்கள். 2017இல் ஹார்வி புயல் வெள்ளம் ஹூஸ்டனின் கிரிமினல் கோர்ட் கட்டடத்துக்குள் புகுந்தது, நீதிபதிகள் அறைகளைப் பங்குபோட்டு வழக்கு நடத்தினார்கள். பின்னாலேயே கோவிட் வந்தது.

நன்கொடைப் பட்டியலையும் ஒரு பார்வை பாருங்கள். மாவட்ட நீதிபதிக்கு ஒருவர் ஒரு தேர்தலுக்குக் கொடுக்கக்கூடிய தொகைக்கு உச்சவரம்பு உண்டு. ஃபோர்ட் பெண்ட் அளவுள்ள கவுண்டியில் 2,500 டாலர், ஹூஸ்டன் இருக்கும் ஹாரிஸ் கவுண்டியில் 5,000. கொடுப்பவர்களில் பலர் அதே கோர்ட்டில் வாதாடும் வக்கீல்களாக இருப்பார்கள். சட்டப்படி அது தவறில்லை. ஆனாலும் ஒரே அலுவலகத்தின் பெயர் திரும்பத் திரும்ப வந்தால் நான் குறித்துவைக்கிறேன்.

மதிப்பீடுகள் விஷயத்தில் தபாலில் வரும் பளபளப்பு அட்டைகளை நம்ப வேண்டாம். 'குற்றவாளிகளிடம் கடுமையானவர்' என்று ஒரு அட்டை வந்தது. ஹாரிஸ் கவுண்டி குடும்ப நீதிமன்ற நீதிபதியுடையது. விவாகரத்தும் குழந்தைகள் பொறுப்பும் பார்ப்பவர் எந்தக் குற்றவாளியைப் பார்க்கப் போகிறார்? நீதிபதிகள் தீர்ப்பைப் பற்றி முன்கூட்டி வாக்குறுதி கொடுக்கக் கூடாது என்பது அவர்கள் நடத்தை விதி. அதனால் "இந்த வழக்கில் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டால் பதில் சொல்ல மறுப்பார், மறுக்கவும் வேண்டும். நான் தமிழ்ச் சங்க விழாவுக்கு ஓட்டுக் கேட்டு வருபவர்களிடம் ஒரே கேள்விதான் கேட்பேன்: "வக்கீல் இல்லாமல் வருபவரை உங்கள் கோர்ட்டில் எப்படி நடத்துகிறீர்கள்?" இதற்குப் பதில் சொல்ல எந்த விதியும் தடையில்லை. உடனே ஒரு நாளின் நடப்பைச் சொல்ல ஆரம்பிப்பவரையும், பொதுவாக 'எல்லாரையும் சமமாக' என்று முடித்துக்கொள்பவரையும் பிரித்துப் பார்க்கப் பழகிவிட்டேன்.

இதெல்லாவற்றையும்விட, ஒரு காலைப்பொழுது கோர்ட்டில் போய் உட்காருங்கள். பெரும்பாலான வழக்குகள் பொதுமக்கள் முன்னிலையில்தான் நடக்கும், யாரும் எதற்கு வந்தாய் என்று கேட்பதில்லை. போனை அணைத்துவிட்டு, சோதனை வாசல் தாண்டி, பின் பெஞ்சில் இடம் பிடியுங்கள். ஜே.பி. கோர்ட்டில் வாடகை வழக்குகள் எடுக்கும் நாள் எது என்று கிளார்க்கிடம் போனில் கேட்டுக்கொண்டு போனால் நல்லது. நேரத்துக்கு வருகிறாரா, பெயரைச் சரியாகச் சொல்ல முயல்கிறாரா, ஆங்கிலம் தடுமாறுபவருக்கு நேரம் கொடுக்கிறாரா என்று பாருங்கள். தோற்றவரிடம் என்ன சொல்கிறார் என்பதை அவசியம் கவனியுங்கள்.

அப்படிப் போன ஒரு நாளில் வேறொரு ஜே.பி.யைப் பார்த்தேன். வயதான ஒருவர் வாடகை வழக்கில் தோற்றார். சட்டப்படி தோற்க வேண்டிய வழக்குதான். நீதிபதி காகிதத்தைக் கீழே வைத்துவிட்டு, "உங்களுக்கு மேல்முறையீடு செய்ய உரிமை இருக்கிறது" என்று சொல்லி, விரலை மடக்கி ஐந்து நாள் எண்ணிக் காட்டினார். கடைசி நாள் என்ன கிழமை என்று கிளார்க்கிடம் கேட்டு அதையும் சொன்னார். பெரியவர் தன் கவரின் பின்பக்கத்தில் அந்தக் கிழமையை எழுதிக்கொள்ளும்வரை அடுத்த வழக்கைக் கூப்பிடவில்லை. ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. அவர் எந்தக் கட்சி என்று நான் வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன்.

கட்சி என்றதும் ஒன்று. இங்கே நீதிபதிகள் கட்சிப் பெயரோடுதான் நிற்கிறார்கள். 2020இலிருந்து ஒரே பொத்தானில் கட்சி முழுவதற்கும் ஓட்டுப் போடும் வசதி இல்லை, ஒவ்வொரு பெயராகத் தொட வேண்டும். ஒரு கட்சி ஓங்கிய இடங்களில் கட்சிகள் தங்கள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் மார்ச் மாத முதல்நிலைத் தேர்தலிலேயே பாதி முடிவு ஆகிவிடும். நவம்பர் வரை காத்திருக்காதீர்கள்.

கடைசியாக, துண்டுச் சீட்டு. ஓட்டுச் சாவடியில் போனைப் பார்க்க விடமாட்டார்கள், ஆனால் எழுதிய தாளைக் கொண்டுபோகலாம். நான் மாதிரிச் சீட்டின் வரிசைப்படியே பெயர்களைத் தமிழில் எழுதி எடுத்துப் போகிறேன். முன்கூட்டி ஓட்டுப்பதிவு நடக்கும் வாரங்களில், வேலை நாளில் காலை பத்தரை மணிக்குப் போனால் பின்னால் யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள். கடைசித் திரையில் ஜே.பி. பெயர் வரும்வரை தாளை மடிக்காதீர்கள். முடிந்ததும் அதை மேசையில் விட்டுவிடாமல் கையோடு எடுத்து வந்துவிடுங்கள்.