பேஸ் கிட்டாரில் ஃப்ரெட் காடிகளைக் குறித்து அறுக்கும் முறை

லியோ ஃபெண்டரின் நிறுவனம் 1951இல் வெளியிட்ட பிரிசிஷன் பேஸ் தொடங்கி, பெரும்பாலான பேஸ் கிட்டார்களின் தந்தி நீளம் 34 அங்குலம், அதாவது 863.6 மில்லிமீட்டர். அதை 17.817ஆல் வகுத்தால், நட்டிலிருந்து (கழுத்தின் தலைப்பக்க முனையில் தந்திகள் தங்கும் சிறு பட்டை) முதல் ஃப்ரெட்டுக்கான (விரல் பலகையின் குறுக்கே பதிக்கப்படும் உலோகக் கம்பி) தொலைவு 48.47 மில்லிமீட்டர் என்று கிடைக்கும். மீதமுள்ள நீளத்தை அதே எண்ணால் மீண்டும் மீண்டும் வகுத்து மற்ற இடங்களைக் கணக்கிட வேண்டும்.

ஆனால், பலகையில் குறிக்கும்போது எல்லாத் தொலைவுகளையும் நட்டிலிருந்தே அளக்க வேண்டும். முந்தைய கோட்டிலிருந்து அளந்துகொண்டே போனால் சிறு பிழைகள் ஒன்றுசேர்ந்து, மேல் ஃப்ரெட்டுகளில் சுருதி விலகிவிடும். பன்னிரண்டாவது கோடு 431.8 மில்லிமீட்டரில் விழுகிறதா என்று சரிபார்த்த பிறகே ரம்பத்தைத் தொடுங்கள்.

பென்சில் கோட்டின் தடிமனே பிழைக்கு இடம் தரும் என்பதால் கூரிய கத்தியால் கீறுவதையே நான் வலியுறுத்துவேன். அந்தக் கீறலில் ரம்பத்தின் பற்கள் வழுக்காமல் அமரும். காடியின், அதாவது அறுத்த பள்ளத்தின் அகலம், ஃப்ரெட் கம்பியின் அடிப்பகுதி அதில் இறுகப் பொருந்தும் அளவாக இருக்க வேண்டும்.