வீட்டுக் கதை நிழல் நாடகமாகும் வழி

முதல் ஆண்டு என் வகுப்பில் நிழல் நாடகம் போட ஒரு நிழல்பொம்மைக் கலைஞரை வரவழைத்தேன், பிள்ளைகளுக்குப் பயிற்சி நடந்தது, கடைசி நாளில் பெற்றோருக்கு அழைப்பிதழ் போனது. வந்தவர்கள் பின்வரிசையில் உட்கார்ந்து கைதட்டிவிட்டுப் போனார்கள். மனசே கேட்கவில்லை. அடுத்த ஆண்டிலிருந்து வீட்டில்தான் தொடங்குகிறேன்.

முதலில் கதை. "ஏதாவது கதை சொல்லுங்கள்" என்று கேட்டால் பெரியவர்கள் தயங்குவார்கள். "என் வயதில் நீங்கள் எதற்குப் பயந்தீர்கள்?" என்று பிள்ளைகளைக் கேட்கச் சொல்லுங்கள், பேச்சு நிற்காது. ஒரு சிறுமியின் தாத்தா, கிணற்றுக்குள் எதிரொலித்த தன் குரலையே பேய் என்று நினைத்து ஓடியவர். அதை அவர் சொன்னபடியே, ஒரு சொல்லையும் திருத்தாமல் எழுதி வந்தாள். மேடையேற்றச் சம்மதமா என்று வீட்டில் கேட்ட பிறகே கதையை எடுங்கள்.

கலைஞர் இந்தக் கட்டத்திலேயே உள்ளே வரவேண்டும். வசனமெல்லாம் முடிந்தபின் அழைத்தால் அவருக்கு அலங்கார வேலைதான் மிஞ்சும். ஊதியத்தை, தயாரிப்பு நாட்களையும் சேர்த்து, முன்கூட்டியே எழுத்தில் முடிவு செய்யுங்கள். "சேவையாகச் செய்து கொடுங்கள்" என்று தயவுசெய்து கேட்காதீர்கள், அது அவர் பிழைப்பு. நாற்பது பேரையும் ஒரேயடியாக ஒப்படைக்காமல் பத்துப் பத்துப் பேராக அனுப்புங்கள். வகுப்பை அடக்குவது நம் வேலை, அவருடையதல்ல.

இத்தாலியின் ரெஜியோ எமிலியா நகருக்கு அருகே 1945இல் ஒரு கிராமத்துப் பெற்றோர், போரில் கைவிடப்பட்ட டாங்கியை விற்ற பணத்தில் மழலையர் பள்ளி கட்டத் தொடங்கினார்கள். பின்னாளில் அந்நகரப் பள்ளிகளில் கலைஞர் ஒருவர் ஆசிரியர்களோடு தினமும் வேலை செய்வது வழக்கமானது. விருந்தாளியாக அல்ல, சக ஊழியராக. நான் பிடித்துக்கொண்டது அதைத்தான்.

சரி, பொம்மைக்கு வருவோம். கெட்டி அட்டையில் வெட்டி, மூட்டுகளில் துளையிட்டு நூலால் முடிச்சுப் போட்டால் கைகால் அசையும். திரைக்கு வெள்ளைப் பருத்தித் துணியைச் சுருக்கமில்லாமல் இழுத்துக் கட்டுங்கள். விளக்கில்தான் பலர் தடுமாறுகிறார்கள். பால்வெள்ளைக் குண்டு பல்பு நிழலின் ஓரத்தைக் கலங்கடித்துவிடும். ஒற்றைப் புள்ளியாக எரியும் சிறிய எல்.இ.டி. விளக்கு போதும். விளக்கு திரையிலிருந்து 2 மீட்டரில் இருந்தால், நடுவில் பிடித்த பொம்மையின் நிழல் இரண்டு மடங்காகும். திரையை ஒட்டிப் பிடித்தால் பொம்மை அளவுதான், ஆனால் கத்தி வெட்டியதுபோல் தெளிவாக விழும். பேய் வளர வேண்டுமா, பொம்மையை மெதுவாக விளக்கை நோக்கி நகர்த்துங்கள்.

பெற்றோரை "உதவிக்கு வாருங்கள்" என்று பொதுவாக அழைக்காதீர்கள். தையல் தெரிந்தவருக்குத் திரை, மின்வேலை தெரிந்தவருக்கு விளக்கு என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். வேலை முடிந்து வருகிற நேரமாக வையுங்கள். கைக்குழந்தையோடு வரலாம் என்பதையும் சொல்லிவிடுங்கள். கிணற்றுக் குரலுக்கு அந்தத் தாத்தாவே வந்தார். வெறும் வாளிக்குள் முகத்தை விட்டு "யாரது?" என்றார். அறையே அடங்கிவிட்டது. பேத்தி பொம்மையை அசைக்க மறந்து அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நாடகம் முடிந்ததும் எல்லோரையும் திரைக்குப் பின்னால் கூட்டிப்போங்கள். சின்னவர்கள் கையில் பொம்மையைக் கொடுங்கள். அப்புறம், அடுத்த ஆண்டு கதை தரப்போகிறவர்களின் பெயரை அங்கேயே எழுதி வாங்கிவிடுங்கள்.