ஸ்பானிய அழுத்தக்குறியை எங்கே இடுவது? தொடக்க நிலையினருக்கான செய்முறை

ஸ்பானிய உயிரெழுத்துகளின் மேல் வலப்புறம் சாய்ந்து நிற்கும் சிறு கோட்டை அலங்காரம் என்று எண்ணி விட்டுவிடாதீர்கள். ‘ஆப்லோ’ என்பதில் அழுத்தம் முதல் அசையில் விழுந்தால் ‘பேசுகிறேன்’ என்று பொருள்; ஈற்றில் ஓகாரத்தின் மேல் கோடு ஏறிவிட்டால் அதே சொல் ‘அவர் பேசினார்’ என்றாகிவிடும்.

முதல் படி: சொல்லை அசைகளாகப் பிரியுங்கள். ஒலிக்கும் ஓர் உயிருக்கோ, ஒன்றாய்க் கூடி ஒலிக்கும் உயிர்க்கூட்டுக்கோ ஓர் அசை என்பது இங்குக் கணக்கு; நம் யாப்பின் நேரசை, நிரையசையோடு இதைக் குழப்ப வேண்டாம். ‘காசா’ (வீடு) ஈரசைச் சொல். ‘மெதிகோ’ (மருத்துவர்) மூவசைச் சொல்.

இரண்டாம் படி: கடைசி எழுத்தைப் பாருங்கள். அது உயிராகவோ, ‘என்’ (n), ‘எஸ்’ (s) ஆகிய இரண்டில் ஒன்றாகவோ இருந்தால் அழுத்தம் இயல்பாக ஈற்றயல் அசையில் விழும். வேறு மெய்யாக இருந்தால் ஈற்றசையில் விழும். ‘காசா’, ‘லூனெஸ்’ (திங்கட்கிழமை) முதல் வகை. ‘சியுதாத்’ (நகரம்) இரண்டாம் வகை. இவற்றுக்குக் குறி வேண்டியதில்லை.

மூன்றாம் படி, இதுவே உயிர்நாடி: மக்கள் உச்சரிக்கும் அழுத்தம் இந்த விதியை மீறினால் மட்டும், அழுத்தம் பெறும் உயிரின் மேல் கோடு இடுங்கள். ‘கஃபே’ உயிரில் முடிந்தும் ஈற்றில் அழுத்தம் பெறுவதால் குறி பெறுகிறது. ‘ஆர்போல்’ (மரம்) எல் என்னும் மெய்யில் முடிந்தும் முதலசையில் அழுத்தம் பெறுவதால் குறி பெறுகிறது. அழுத்தம் ஈற்றிலிருந்து மூன்றாம் அசைக்குப் போய்விட்டால், ‘மெதிகோ’, ‘சாபாதோ’ (சனிக்கிழமை) போல, விலக்கின்றிக் குறி உண்டு. பேரெழுத்தானாலும் குறியை விடக் கூடாது.

நான்காம் படி: ‘தூ’ போன்ற ஓரசைச் சொற்களுக்குப் பொதுவாகக் குறி இல்லை. ஆயினும் ‘நீ’ என்ற பொருளில் வரும் ‘தூ’ குறி பெறும். ‘உன்’ என்ற பொருளில் வருவது பெறாது. இங்கே குறியின் வேலை ஒலியைக் காட்டுவதன்று, பொருளைப் பிரிப்பது. இத்தகைய இணைகள் மிகச் சிலவே, மனப்பாடம் செய்துவிடுங்கள்.

‘என்’ (n) எழுத்தின் மேல் வரும் அலைக்கோடு வேறு. பழைய எழுத்தர்கள் இரட்டை ‘என்’ எழுத்தைச் சுருக்கி எழுதியதில் பிறந்த அது, ஞகரத்தை ஒத்த ஒலியுடைய தனி எழுத்து.

இனிப் பயிற்சி. ‘கான்சியோன்’ (பாடல்) ‘என்’ எழுத்தில் முடிந்தும் ஈற்றில் அழுத்தம் பெறுவதால் குறி பெறும். பன்மையில் ‘கான்சியோனெஸ்’ ஆகும்போது அந்த அழுத்தம் ஈற்றயலில் அமைந்துவிடுவதால் குறி நீங்கும். ‘ஹோபென்’ (இளைஞர்) இதற்கு நேர்மாறானது: ஒருமையில் குறியில்லை, ‘ஹோபெனெஸ்’ என்னும் பன்மையில் உண்டு. காரணத்தை மேற்கண்ட படிகளைக் கொண்டு நீங்களே கண்டறியுங்கள்.