நெருக்கமான இடத்துக்குப் பற்றரிக் கருவி: நீளத்தோடு இன்னோர் அளவும் உண்டு

கிளிநொச்சியில் எங்கள் குசினி அலுமாரியின் கடினமான முதிரை மரச் சட்டத்தில் கதவுப் பிணைச்சல்களைப் பூட்ட முடியாமல் நாட்கணக்காக இழுபட்ட வேலை ஒருவழியாக முடிந்துவிட்டது. பக்கச் சுவர் கிட்ட இருந்ததால் 18 வோல்ற் றில்லை நேராகப் பிடிக்க இடமிருக்கவில்லை. திருகாணி சரிந்து இறங்கியதோடு, அதன் தலையும் அரைபட்டு வழுக்கியது.

குட்டையான ஸ்குறூ டிறைவருக்கு முதிரை இடங்கொடுக்கவில்லை. றில்லில் பூட்டும் வளையும் தண்டோ, இறுக்கம் கூடியதும் முறுகித் துள்ளியது.

பின்னர் 12 வோல்ற் இம்பக்ற் டிறைவர், அதாவது தட்டித் தட்டித் திருகாணியை முடுக்கும் கருவி, ஒன்றை இரவல் வாங்கினேன். அதில் றில்லில் உள்ளதுபோல் முனையைக் கவ்விப் பிடிக்கும் சக் இல்லை. கால் அங்குல அறுகோண முனை நேரே உட்சென்று பூட்டிக்கொள்வதால் கருவி கட்டையாக இருக்கிறது. மூன்று பற்றரிக் கலங்களின் 10.8 வோல்ற்றைத்தான் 12 என்று அச்சிடுகிறார்கள் என்றாலும், முன்துளை போட்டுவிட்டால் முதிரைக்கும் அந்த வலு போதும். பெட்டியில் உள்ள நீளத்தில் முனை சேராது என்பதால், முனையைப் பூட்டிய பிறகே அளந்து பார்க்க வேண்டும்.

ஆயினும், மேற்தட்டை ஒட்டிய திருகாணி மட்டும் மறுபடியும் சரிந்தது. முனையின் நடுவிலிருந்து கருவியின் முதுகு வரையுள்ள தூரமே அதற்குக் காரணம். திருகாணி தட்டுக்கு அதைவிடக் கிட்ட இருந்தால், எவ்வளவு கட்டையான கருவியும் சரிந்துதான் நிற்கும். இந்த அளவைக் கடைகளில் எவரும் எடுத்துச் சொல்வதில்லை. மெல்லிய செங்கோணத் தலையொன்றை அதே டிறைவரில் பூட்டி, உடற்பகுதியைக் கதவுவழியே வெளியில் பிடித்து முடுக்கியபோது, அந்தத் திருகாணியும் நேராக இறங்கி இறுகியது.