ஸ்டோமா பையோடு மூட்டு மாற்று ஆபரேஷனுக்குப் போகிறீர்களா?

வயிற்றில் ஸ்டோமா பை (ஆபரேஷனில் வயிற்றில் போட்ட துளை வழியாக வரும் மலமோ சிறுநீரோ சேரும் பை) இருப்பவர்கள், எலும்பு டாக்டரை முதலில் பார்க்கும்போதே பையைக் காட்டிவிடுங்கள். கூச்சமே வேண்டாம். புது மூட்டில் கிருமி புகுந்தால் ஆற்றுவது பெரும்பாடு. இடுப்பு மூட்டென்றால் தையல் போடும் இடம் பைக்குப் பக்கத்தில் வரலாம், பையின் கசிவு அங்கே எட்டவே கூடாது. முந்தின நாள் புதுப் பை ஒட்டி, ஓரத்தை விரலால் சுற்றி அழுத்திப் பாருங்கள். தியேட்டருக்குள் போகுமுன் காலி செய்துவிடுங்கள்.

ஜிப்மரோ தனியார் ஆஸ்பத்திரியோ, உங்கள் அளவுப் பை வார்டில் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். தேவைக்கு மேலேயே பைகளை, உங்கள் துளை அளவுக்கு ஓட்டையும் வெட்டி எடுத்துப் போங்கள். புதுச்சேரி வெக்கையில் வியர்த்தால் ஒட்டு சீக்கிரம் விட்டுவிடும்.

இலியோஸ்டமி (சிறுகுடலிலிருந்து வரும் துளை) என்றால் கூடுதல் கவனம் தேவை. வெறும் வயிற்றில் இருக்கும்போது உடம்பில் நீர் சட்டென்று குறையும். எதுவரை தண்ணீர் குடிக்கலாம், டிரிப் எப்போது போடுவார்கள் என்று மயக்க டாக்டரிடம் கேளுங்கள். மெதுவாகக் கரையும் மாத்திரை கரையாமலே பைக்கு வந்துவிடலாம், அதையும் சொல்லுங்கள். கொலோஸ்டமி (பெருங்குடலிலிருந்து வரும் துளை) என்றால் வலி மாத்திரையால் மலம் இறுகலாம்.

அப்புறம், இடுப்பு மூட்டு மாற்றியபின் கொஞ்ச காலம் அதிகம் குனியக் கூடாது என்பார்கள். உயரமான கமோடில் உட்கார்ந்து, குனியாமல் பையைக் காலி செய்ய இப்போதே வீட்டில் பழகுங்கள்.